மின்சார சபை கம்பனிகளாகப் பிரிகிறது: திருகோணமலை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சம்பூரில் சூரிய மின்நிலையம், முத்துநகரில் காணிப் போராட்டம், பாராளுமன்றத்தில் மின்சாரச் சட்டம், மாதாமாதம் கைக்கு வரும் கரண்ட் பில். எங்கள் மாவட்டத்தில் இந்த நான்கையும் பற்றித்தான் பேச்சு. ஆனால் நான்கும் வேறு வேறு செய்திகளாகவே எங்களை வந்தடைகின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சீர்திருத்தம் விளங்கும். மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரப் பக்கத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மின்சார சபையை விற்கப் போகிறார்களா?

இப்போதுள்ள சட்டத்தின்படி இல்லை. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கவும் தனியார் முதலீட்டுக்கு வழிவிடவும் எழுதப்பட்டது. ஆட்சி மாறியபின், 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. திருத்தத்தின்படி மின் பிறப்பாக்கம், மின்கடத்தல், தேசிய மின்கட்டமைப்பை இயக்குதல், வீடுகளுக்கு விநியோகித்தல் என்ற நான்கு வேலைகளும் நான்கு கம்பனிகளிடம் போகின்றன. நான்கும் முழுவதும் அரசுக்குச் சொந்தமானவை.

தொழிற்சங்கங்கள் இதை ஏற்கவில்லை. இன்று அரச கம்பனி என்று பிரித்தால் நாளை விற்பது சுலபம் என்பது அவர்களின் வாதம். 2025 செப்டம்பரில் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கினார்கள். அரசாங்கம் மின்சாரத்தை அத்தியாவசிய சேவையாக அறிவித்தது. புதிய கம்பனிகளுக்குப் போக விரும்பாதவர்கள் நட்டஈட்டோடு சுயமாக விலகவும் இடமளிக்கப்பட்டது. சங்கங்களின் அச்சத்தை வெறும் சுயநலம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் அரசுக்குச் சொந்தமாக இருந்தாலே மக்களுக்கு நல்லது நடந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எங்கள் நாட்டு அனுபவம் இடம் தரவில்லை. அது ஏன் என்பது கீழே வருகிறது.

இந்தச் சபை எப்படி வந்தது?

1895இல் கொழும்பில் ஒரு ஹோட்டலில் முதல் மின்விளக்கு எரிந்தது. பல ஆண்டுகளுக்கு அது தனியார் வியாபாரமாகவே நடந்தது. 1927இல் அரசாங்கம் அதற்கென ஒரு திணைக்களத்தைத் தொடங்கியது. மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது 1950 ஆகிவிட்டது. நல்ல திட்டம் ஒன்று இந்த நாட்டில் முப்பது ஆண்டுக்கு மேல் கோப்பில் தூங்கியது அதுதான் முதல் தடவை. அது கடைசித் தடவையும் அல்ல.

1969 நவம்பர் 1ஆம் திகதி இலங்கை மின்சார சபை உருவானது. உற்பத்தி, கடத்தல், விநியோகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. மகாவலித் திட்டத்தோடு 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகியவை எழுந்தன. அந்தக் காலத்தில் நாட்டின் மின்சாரம் ஏறத்தாழ முழுக்க மழைத்தண்ணீரில் ஓடியது, செலவும் குறைவு. 1983இல் லெக்கோ என்ற விநியோகக் கம்பனி தொடங்கப்பட்டு மேற்குக் கரையோர நகரங்கள் சில அதனிடம் கொடுக்கப்பட்டன. கிழக்கு முழுவதும் சபையிடமே இருந்தது.

2016 அளவில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் இணைப்புக் கிடைத்தது. தெற்காசியாவில் இது பெருமைப்படத்தக்க சாதனை. எங்கள் பக்கத்தில் அது ஒரே நேரத்தில் வரவில்லை. திருகோணமலை நகரத்தில் விளக்கெரிந்த காலத்தில் வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் போர் கம்பங்களையும் கம்பிகளையும் விட்டுவைக்கவில்லை. யாழ்ப்பாணம் 1990இல் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து அறுந்து 2013இல்தான் திரும்பச் சேர்ந்தது. சபையின் வரலாற்றை எழுதும்போது இந்த இடைவெளியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அவ்வளவு நன்றாக இருந்தது எங்கே பிழைத்தது?

மழையில். 1996இல் வானம் பொய்த்தது, நாடு இருண்டது. 2001, 2002இலும் அதே கதை. தண்ணீரை மட்டும் நம்ப முடியாது என்று தெரிந்ததும் அவசரத்தில் எண்ணெய் நிலையங்களைத் தேடினோம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் கம்பனிகள் டீசலிலும் உலை எண்ணெயிலும் மின்சாரம் உற்பத்தி செய்து சபைக்கு விற்றன. அந்த ஒப்பந்தங்களில் கொள்ளளவுக் கொடுப்பனவு என்று ஒன்று உண்டு. நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காசு கொடுக்க வேண்டும்.

மலிவான அனல் நிலையம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகள் இழுபட்டது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் முதல் பகுதி 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் சேர்ந்தன. மொத்தம் 900 மெகாவாட். அதன்பின் ஏறக்குறையப் பத்தாண்டுகள் பெரிய அனல் நிலையம் எதுவும் எழவில்லை. நிலக்கரியா எரிவாயுவா என்று சபையும் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் அமைச்சும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சண்டையின் விலை அவசர மின்கொள்வனவாக வந்தது. வாடகை ஜெனரேற்றர், டீசல், உயர்ந்த விலை.

விற்கும் விலையோ 2013க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் கூடவில்லை. 2014இல் குறைக்கவும்பட்டது. வாங்குவது உயர்ந்த விலைக்கு, விற்பது குறைந்த விலைக்கு என்றால் நடுவிலுள்ள பள்ளம் எங்கே போகும்? சபை அரச வங்கிகளிடமும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் கடன் பட்டது. 2022இல் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் போனபோது அந்த மறைந்த கடன் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஐஸ் தொழிற்சாலை ஓடாததால் மீனைக் கரையில் வந்த விலைக்குக் கொடுத்தவர்களுக்கு அந்த மாதம் நினைவிருக்கும்.

இதெல்லாம் அரச சபை ஒன்றின் கீழ் நடந்தது. அரசுக்குச் சொந்தம் என்பது மட்டும் போதாது என்று மேலே நான் சொன்னது இதனால்தான்.

சீர்திருத்தம் என்ற பேச்சு இப்போதுதான் வந்ததா?

இல்லை, 2002இலேயே சட்டம் நிறைவேறியது. 28ஆம் இலக்க மின்சாரச் சீர்திருத்தச் சட்டம் சபையைப் பிரிக்கச் சொன்னது. ஆனால் அது நடைமுறைக்கு வரவேயில்லை. அதே ஆண்டு வந்த 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை உருவாக்கியது. அந்த ஆணைக்குழு இருந்தும் மின்சாரத்தில் அதற்கு அதிகாரம் வரவில்லை. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம்தான் சபையை உரிமம் பெற்று இயங்கும் நிறுவனமாக்கி, விலையைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஆணைக்குழுவிடம் கொடுத்தது. சபை பிரியவில்லை. அதற்கு மேலே ஒரு நடுவர் வந்தார், அவ்வளவுதான்.

என் பார்வையில் இந்த மூன்று சட்டங்களிலும் மக்களுக்கு அதிகம் பயன்பட்டது 2009ஆம் ஆண்டுச் சட்டமே. ஏனென்றால் சபை கேட்கும் விலையை நியாயப்படுத்திக் கணக்கு வெளியிட வேண்டும், அதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லலாம் என்ற வழக்கம் அதிலிருந்துதான் பிறந்தது.

பில் ஒரு தடவை ஏறுது, ஒரு தடவை இறங்குது. யார் தீர்மானிக்கிறார்கள்?

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் ஏறியது. சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் 2023 மார்ச்சில் கிடைப்பதற்கு, செலவை ஈடுசெய்யும் விலை ஒரு முக்கிய நிபந்தனை. பிறகு மழை பெய்தது, எண்ணெய் விலை தளர்ந்தது. 2024 மார்ச்சில் 21.9 வீதமும் ஜூலையில் 22.5 வீதமும் குறைந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் கூடியது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டுக்குச் சபை மீண்டும் 6.8 வீத உயர்வு கேட்டது, ஒக்டோபரில் ஆணைக்குழு மறுத்துவிட்டது.

அந்த மறுப்பைக் கவனியுங்கள். கேட்பவர் ஒருவர், தீர்ப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு வேலை செய்ததற்கு அது அடையாளம். ஆனால் அந்த ஏற்பாடு உறுதியானதல்ல. 2023 மே மாதம், விலை உயர்வை எதிர்த்துவந்த ஆணைக்குழுவின் தலைவரைப் பாராளுமன்றம் வாக்கெடுப்பில் பதவி நீக்கியது. அவர் செய்தது எல்லாம் சரியென்று நான் சொல்லவரவில்லை. நடுவரின் நாற்காலியை அரசியல் இவ்வளவு இலேசாக அசைக்க முடிந்தால், எத்தனை கம்பனியாகப் பிரித்தாலும் விலை நம்பகமாக இருக்காது.

60 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டினாலே பில் ஏன் இப்படிப் பாய்கிறது?

வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு அட்டவணை உண்டு. மாதம் 60 யூனிட் வரை பாவிப்பவருக்கு ஒன்று, அதற்கு மேல் போனவருக்கு மற்றது. 61ஆவது யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே நீங்கள் இரண்டாவது அட்டவணைக்கு மாறிவிடுகிறீர்கள். நிலையான கட்டணமும் கூடும்.

மீற்றர் வாசிப்பவர் பிந்தி வந்ததால் யூனிட் கூடிவிட்டது என்று பலர் சண்டை பிடிப்பதுண்டு. பில்லில் எத்தனை நாளுக்கு என்று எழுதியிருக்கும். 60 என்ற எல்லை 30 நாளுக்கானது. நாள் கூடினால் எல்லையும் அதற்கேற்ப விரியும். அதைப் பார்த்துக்கொண்டு பிறகு அலுவலகம் போங்கள்.

சம்பூருக்கு வருவோம். நிலக்கரி என்றார்கள், இப்போது சூரியன் என்கிறார்கள். என்ன நடந்தது?

2006 ஏப்ரலில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கத்து மக்கள் குண்டுவீச்சுக்குள் ஓடினார்கள். பலர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் திரும்ப முடியாதபடி அந்த நிலம் முதலில் உயர்பாதுகாப்பு வலயமானது, பின்னர் அதில் ஒரு பகுதி கைத்தொழில் வலயமானது. அதே நிலப்பரப்பில்தான் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டத் திட்டமிட்டன. அதற்கான கூட்டுக் கம்பனி 2011இல் அமைந்தது.

2015இல் கைத்தொழில் வலயத்துக்கு என்று வைத்திருந்த 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணியும் பிறகு கிடைத்தது. சொந்த வளவுக்குத் திரும்பியவர்கள் முதலில் கேட்டது நிலக்கரிச் சாம்பலும் கடலில் கலக்கும் சுடுநீரும் எங்கள் மீனையும் கிணற்றையும் என்ன செய்யும் என்பதுதான். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றம் சென்றது. 2016 செப்டம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் சொன்னது. பத்து ஆண்டு முகாமில் கிடந்த ஊர், ஒரு நாட்டின் மின்திட்டத்தையே திருப்பியது. திருகோணமலை மாவட்டத்தில் பிறந்தவர்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதே இரு நிறுவனங்களும் இப்போது சூரிய மின்நிலையம் கட்டுகின்றன. மொத்தம் 120 மெகாவாட். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடி இணையவழியில் தொடக்கி வைத்தார்கள். திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் உடன்பாடு எழுதியதும் அன்றுதான். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் இந்தப் பேச்சின் பகுதி. அந்த 99 தாங்கிகளில் 61ஐ ஒரு கூட்டுக் கம்பனி அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியிலேயே ஒப்பந்தமாகியிருந்தது.

முத்துநகர் விவசாயிகள் அபிவிருத்திக்கு எதிரானவர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் விதமே பிழை. துறைமுக அதிகாரசபைக்கு உரியது என்று சொல்லப்படும் காணியில் அவர்கள் நீண்டகாலமாக நெல் விதைத்து வந்தார்கள். அந்த வயல் சூரிய மின் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது 2025இல் மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்து தொடர் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டது சூரிய மின்சாரம் வேண்டாம் என்றல்ல. விளையும் வயலிலா அதை வைக்க வேண்டும் என்பதே.

சூரியத் தகட்டுக்கு நிலம் நிறைய வேண்டும். 2030இல் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது நாட்டின் குறிக்கோள். அந்த இலக்கை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதனாலேயே சொல்கிறேன்: காணி உறுதி இல்லாத ஏழை விவசாயியின் வயல்தான் மலிவான நிலம் என்று திட்டம் போட்டால், மக்கள் சூரியனையும் வெறுக்கத் தொடங்குவார்கள். சீர்திருத்தச் சட்டம் எவ்வளவு குறைந்த விலைக்கு மின்சாரம் வாங்குவது என்பதைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அந்தக் குறைந்த விலைக்குள் யாருடைய இழப்பு மறைந்திருக்கிறது என்று கேட்கும் இடம் அதில் போதாது.

எங்கள் மண்ணில் உற்பத்தி செய்தால் எங்களுக்கு மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்காது. நாடு முழுவதும் ஒரே கட்டணம். சம்பூரில் பிறக்கும் மின்சாரம் தேசிய கம்பியில் ஏறிப் பொதுக் கிடங்கில் கலந்துவிடும். சீனக்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலையோடு உமியிலும் கிளிசரியா மர விறகிலும் ஓடும் 10 மெகாவாட் நிலையமும் அப்படித்தான். மலிவுக் கட்டணம் கேட்பதை விட, ஊருக்கு வேலை, நிலத்துக்கு முறையான ஈடு, வயலுக்குத் தண்ணீர் இவற்றை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்பது பயன் தரும்.

கூரையில் சோலர் போடச் சொன்னவர்களே பகலில் நிறுத்தச் சொன்னது ஏன்?

இது நியாயமான கோபம். 2010 அளவில் தொடங்கிய கூரை மின்திட்டம் 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் விரிந்தது. இன்று நாட்டின் கூரைகளில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் கூரைகளிலும் பார்க்கலாம். எங்கள் நாட்டில் மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரம் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. சூரியன் தருவதோ நண்பகலில். ஞாயிறு, புதுவருட விடுமுறை போன்ற நாட்களில் தொழிற்சாலைகளும் மூடியிருக்கும், நண்பகலில் மின்சாரம் மிஞ்சும்.

மிஞ்சினால் என்ன கெட்டுப்போகும்? மின்கட்டமைப்பு ஒரு நொடிக்கு 50 சுற்று என்ற தாளத்தில் ஓடுகிறது. நீர், அனல் நிலையங்களின் பாரமான சுழலிகள் அந்தத் தாளத்தைக் காக்கின்றன. கால்மிதித் தையல் மெஷினின் பெரிய சக்கரம், கால் ஒரு நொடி தவறினாலும் ஊசியை ஓடவைப்பது போல. சூரியத் தகட்டில் சுழலும் பாரம் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்கைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அன்று சுழலிகள் குறைவாகவும் சூரியன் அதிகமாகவும் இருந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நுரைச்சோலையின் மூன்று பகுதிகளும் நின்றுபோயின. அவை திரும்ப எழ நாட்கள் பிடித்ததால் ஒன்றரை மணித்தியால மின்வெட்டும் வந்தது.

அந்தப் பயத்தில்தான் 2025 ஏப்ரல் புதுவருட விடுமுறையில் மாலை 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்கச் சபை கேட்டது. தற்காலிகமாக அது சரி. நிரந்தர மருந்து மின்கலச் சேமிப்பு, பலமான கடத்தல் பாதை, பகலில் மலிவு இரவில் விலை என்ற கட்டண முறை. கடன் வாங்கிச் சோலர் போட்ட குடும்பத்தின் தலையில் கட்டமைப்பின் குறையைச் சுமத்தக் கூடாது.

வேறு எங்காவது பிரித்துப் பார்த்திருக்கிறார்களா?

பக்கத்திலேயே. இந்தியாவில் முதலில் பிரித்தது ஒடிசா, 1996இல். விநியோகத்தை 1999இல் தனியாருக்குக் கொடுத்தது. அதே ஆண்டு பெரும்புயல் கம்பங்களைச் சாய்த்தது. புவனேஸ்வரம் உள்ள பகுதியை எடுத்த அமெரிக்கக் கம்பனி 2001இல் விட்டுப்போனது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்தே விநியோகம் மீண்டும் ஒரு தனியார் கம்பனியின் கையில் நிலைகொண்டது. தமிழ்நாடு தன் மின்வாரியத்தை 2010இல் அரச கம்பனிகளாகப் பிரித்தது. பெயர்கள் மாறின, கடன் தொடர்ந்தது. புயலடிக்கும் கரையில் இருக்கும் நாங்கள் ஒடிசாவை மறக்கக் கூடாது. கம்பம் விழுந்த மறுநாள் யார் செலவில் யார் நிமிர்த்துவார் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கரண்ட் நின்றால் இனி யாரைக் கூப்பிடுவது?

1987 என்ற தொலைபேசி இலக்கத்தை. உங்கள் பகுதி நுகர்வோர் சேவை நிலையமும் இருக்கிறது. முறைப்பாடு செய்யும்போது கணக்கு இலக்கம் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அங்கே தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கொடுக்கலாம்.

விலைத் திருத்தத்தில் நாங்கள் பேச முடியுமா? தமிழில் எழுதலாமா?

முடியும், தமிழிலேயே எழுதலாம். விலை மாற்றத்துக்கு விண்ணப்பம் வந்ததும் ஆணைக்குழு அதை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். எழுத்தில் அனுப்பலாம், மாகாணங்களில் நடக்கும் வாய்மொழிக் கேட்பிலும் பேசலாம். “விலை கூடாது” என்று மட்டும் எழுதிய கடிதம் எடை குறைந்தது. கொட்பேயில் ஐஸ் தொழிற்சாலையின் மின்செலவு மீன் விலையில் எவ்வளவு ஏறுகிறது, தம்பலகாமத்து அரிசி ஆலை எந்த நேரத்தில் ஓடுகிறது, உங்கள் ஊரில் வோல்ற்றேஜ் எந்த நேரத்தில் விழுகிறது, கடந்த ஆறு மாத பில் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். மீனவர் சங்கமோ விவசாய அமைப்போ மாதர் சங்கமோ கையெழுத்திட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. ஒரு பிரதியை வைத்திருங்கள். தீர்மானம் வெளியாகும்போது காரணங்களோடு வரும், உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த கேட்பில் அதே கேள்வியை முதலில் கேளுங்கள்.